பாடமும் அரங்கேற்றமும்

கல்வியாவது ஏட்டுக் கல்வி மாத்திரமன்று என்பதை மறுப்பார் இக்காலத்தில் ஒருவருமிலர். பாட்டும் கூத்தும் சித்திரமும் பிள்ளைகளின் மனத்தைப் பண்படுத்துவன என்று மேடைதோறும் கேட்கின்றோம், ஆமென்று தலையசைக்கின்றோம். எனினும் ஒரு பாடசாலையில் இக்கலைகளுக்குரிய இடம் யாது என்று வினவுவோமாயின், பெரும்பாலும் விடையாகக் கிடைப்பது ஆண்டுவிழா ஒன்றே. ஆண்டுக்கொருநாள் பந்தலிட்டு, விருந்தினரை வரவழைத்து, பத்து நிமிஷம் ஆடவும் ஐந்து நிமிஷம் பாடவும் பிள்ளைகளை மேடையேற்றுகின்றோம்; மறுநாட் காலையிற் பந்தலைப் பிரிக்கும்பொழுதே கலையையும் மூட்டைகட்டி வைத்துவிடுகின்றோம். விழாவிற்கு முந்திய இரண்டு வாரமும் பாடத்தை நிறுத்தி ஒத்திகை நடத்துவதும், விழா முடிந்த மறுநாள்முதல் ஒத்திகையை மறந்து பாடம் நடத்துவதும் யாவரும் அறிந்த வழக்கம். இம்முறை தலைகீழானது என்பதும், பாடத்தின் பொருட்டு விழா அமையவேண்டுமேயன்றி விழாவின் பொருட்டுப் பாடம் அமையலாகாது என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்துப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றோர் இதனை அறிவர். மாதவி ஐந்து வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழன் அவையில் அரங்கேறினாள். ஒருநாளை அரங்கேற்றத்திற்கு ஏழாண்டுப் பாடம்! அம்மட்டோ? அவளுடைய ஆடலை விரித்துரைப்பதற்கு முன்னரே, ஆடலாசிரியன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும், இசையாசிரியன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர்க்கு உரிய தகுதிகள் யாவை என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். ஆசிரியரைச் சொல்லிய பின்னரே அரங்கின் அளவைச் சொல்லுகின்றார். அரங்கைச் சொல்லிய பின்னரே ஆடலைச் சொல்லுகின்றார். இந்த வரிசையில் ஒரு பெரிய கல்விக்கொள்கை அடங்கியிருக்கின்றது. நாமோ பந்தலிலிருந்து தொடங்குகின்றோம்.

நிற்க. பழைய காவியத்தை விடுத்து, நம் காலத்தில் நம் அண்டையிலே நடந்ததொன்றைப் பார்ப்போம். சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஸ்ரீபெரும்பூதூருக்கும் காஞ்சீபுரத்துக்கும் இடையே சுங்குவார்சத்திரம் இருக்கின்றது. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைத் தன் பெயரிலேயே தாங்கிநிற்கும் இவ்வூர், இன்று ஆலைகளாற் சூழப்பட்டிருக்கின்றது. இங்கிருந்து காஞ்சீபுரத்தை நோக்கிச் சென்றால், அந்நகரை அடுத்துப் புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002-ஆம் ஆண்டுமுதல் 2020-ஆம் ஆண்டுவரை ஒரு குருகுலத்தை நடத்தி வந்தனர். சங்கம் 1990-இல் தோன்றியது. பெருங்கட்டூரிற் கூத்துக் குடும்பத்திற் பிறந்து, சிறு வயதிலேயே வேடங்கட்டியவராகிய பி. இராஜகோபால் என்பாரும், ஹாலந்து தேசத்தினின்று வந்து இக்கலையை ஆராய்ந்தவராகிய ஹன்னே டி ப்ரூயின் அம்மையாரும் இதற்குத் தூண்களாய் நின்றனர்.

கட்டைக்கூத்தென்பது வட தமிழ்நாட்டிற் கிராமந்தோறும் வழங்கிவரும் கூத்து. அரசர் முதலிய வேடங்கட்டுவோர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மரத்தாலாகிய அணிகளுக்குக் கட்டை என்று பெயர். அதுபற்றியே கூத்திற்கும் அப்பெயராயிற்று. இதனையே பலர் தெருக்கூத்து என்பர். தெரு என்னுஞ் சொல் இழிவைக் குறிப்பதாக ஆகிவிட்டமையால், கலைஞரிற் பலர் கட்டைக்கூத்தென்னும் பெயரையே விரும்பினர். அவர்கள் விருப்பம் நியாயமானதே. நம் நாட்டிற் கூத்தாடி என்பது வசைச்சொல். வேலை செய்யாது திரிவோனைக் கூத்தடிக்கின்றான் என்கின்றோம். உண்மையிற் கூத்தாடுவோன் இரவு பத்துமணி அளவில் தொடங்கிப் பொழுது புலரும்வரை பாடியும் ஆடியும் பேசியும் உழைக்கின்றான். அவ்வுழைப்பைச் சோம்பலுக்கு உவமையாக்கிய நம் நாவைத்தான் நாம் கண்டிக்கவேண்டும்.

இனி, இக்கலையைப் பயிலும் பிள்ளை வகுப்பறையிற் செய்வதென்ன என்பதைச் சிறிது நோக்குவோம். கூத்தில் நடிகன் தானே பாடவேண்டும். அவனுக்காகப் பாடுவோர் வேறிலர். பின்பாட்டுக்காரர் அவன் பாடிய அடியை வாங்கிப் பாடுவரேயன்றி அவனுக்கு முந்திப் பாடார். ஆதலால் முதலிற் குரற்பயிற்சி. திறந்த வெளியிற் கடைசி வரிசையிலிருப்போன் செவியிலும் விழுமாறு உச்ச சுருதியிற் பாடப் பழகவேண்டும். பின்னர் அடவு, கனமான அணிகளைச் சுமந்து சுழன்றாடும்பொழுதும் மூச்சுத் தளராதிருக்கும் உடற்பயிற்சி. பின்னர் மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவற்றின் போக்கை அறிதல். பின்னர்ப் பாட்டின் பொருளைத் தன் சொல்லில் வசனமாக விரித்துரைத்தல். இவ்வசனம் முழுதும் எழுதிக்கொடுக்கப்பட்டதன்று. இடத்திற்கும் அவைக்கும் ஏற்ப நடிகன் தானே புனைந்துகொள்வது. கட்டியக்காரனோ எதிர்பாராத வினாக்களை எழுப்பி அரசனையும் மடக்குவான். அதற்கு உடனே விடை பகரவேண்டும். முகத்திற்கு அரிதாரந் தீட்டுவதும் நடிகனே.

இவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். செய்யுளின் பொருளறிதல் தமிழ்ப்பாடம். அதனை வசனமாக்குதல் கட்டுரைப் பயிற்சி. தாளக் கணக்கு கணிதம். மூச்சை ஆளுதல் தேகப்பயிற்சி. வண்ணந் தீட்டுதல் சித்திரம். எதிர்பாராத வினாவுக்கு அவைநடுவே விடையிறுத்தல், எந்தப் பரீட்சையிலும் நாம் சோதிக்கத் துணியாத ஒரு பெருந்திறம். ஒரு வகுப்பறையில் இத்தனையும் ஒருங்கே நடைபெறுமாயின், கலை பாடத்திற்கு இடையூறு என்று கூறுவோர் பாடமென்பது யாது என்பதையே மீண்டும் ஆராயவேண்டும்.

புஞ்சரசந்தாங்கற் குருகுலத்தின் பெருமை இதனோடு நின்றதன்று. கூத்துப் பயிற்சியோடு பொதுக் கல்வியையும் அது சேர்த்தளித்தது. முற்காலத்தில் நாடகக் கம்பெனிகளிற் பிள்ளைகள் பயின்றதுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையது. பெரும் நடிகர் பலர் அத்தகைய சபைகளினின்றே தோன்றினர். ஆயினும் கம்பெனியிற் பயின்ற பிள்ளைக்கு நாடகமன்றி வேறு வழி திறந்திருத்தல் அரிது. குருகுலத்திற் பயின்ற பிள்ளையோ கூத்தராகவும் ஆகலாம், மேற்படிப்புக்கும் செல்லலாம். கலையை விரும்பிய குற்றத்திற்காக ஒரு குழந்தையின் பிற வாயில்களை அடைத்துவிடாதிருத்தல் ஒரு கலைப்பள்ளியின் முதற் கடமையென்று யான் கருதுகின்றேன்.

மற்றொன்று, பெண்பிள்ளைகளும் அங்கே கூத்துப் பயின்றனர். கூத்தில் திரௌபதி வேடமும் ஆடவரே புனைவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றிப் பெண்மக்களுக்கு அடவும் பாட்டும் கற்பித்து அர்ச்சுனனாகவும் துரியோதனனாகவும் அவையில் நிறுத்தியது சிறு செயலன்று. ஓர் ஒப்புமை கூறுவேன். மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன் முதலியோர் 1930-இல் நிறுவிய கேரள கலாமண்டலம் இன்று பல்கலைக்கழக நிலை எய்தி உலகெங்கும் புகழ் பெற்றுள்ளது. அத்தகைய பெருநிலையமே கதகளி வகுப்பில் மாணவியரைச் சேர்த்தது 2021-ஆம் ஆண்டிலேதான். செல்வமும் அரசாங்க ஆதரவும் மிக்க நிலையம் தொண்ணூறாண்டு கழித்துச் செய்ததை, ஒரு தாங்கற்கரைச் சிற்றூர்ப் பள்ளி அதற்கு முன்னரே செய்துகாட்டிற்று. ஆயின் கலாமண்டலம் நிலைத்து நிற்கின்றது. நம் குருகுலம் 2020-ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டது. அங்குப் பயின்றோர் இன்றும் கூத்தாடி வருகின்றனர். புதிதாய்ப் பயில வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி இல்லை. இந்த இழப்பு நம் பகுதியில் எவ்வளவு பேசப்பட்டது? ஓர் ஆலை மூடப்பட்டாற் பத்திரிகைகள் பேசுகின்றன. ஒரு பள்ளி மூடப்பட்டாற் பக்கத்துக் கிராமத்தாரும் அறியார்.

ஆலையென்றதும் ஓர் ஆட்சேபம் எழும். "சோறு போடுவது ஆலையா, கூத்தா?" என்பர். நியாயமான வினா, இதனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். 2006-இல் ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா நிறுவனத்தார் கைத்தொலைபேசி செய்யத் தொடங்கினர். 2007-இற் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை எழுந்தது. ஒரகடம்வரை ஆலைகள் பரந்தன. மழையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதந்தோறும் கூலி கிடைத்தது. தம் பெயரில் வங்கிக் கணக்கில்லாதிருந்த பெண்மக்கள் சம்பாதித்துத் தம்பி தங்கையரைப் படிக்கவைக்கின்றனர். இதனை நன்மையன்று என்போர் பசியை அறியாதார்.

ஆயினும் அந்த ஆட்சேபத்தில் ஒரு மறைவான பிழை உண்டு. ஆலை நிலையானது, கலை நிலையற்றது என்று அது கொள்ளுகின்றது. நோக்கியா ஆலை திறந்த எட்டாம் ஆண்டிலே, 2014-இல், மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர் வேலையிழந்தனர். ஒரே வகைக் கைத்தொழிலை மட்டும் அறிந்தவன் அத்தொழில் நின்றவுடன் திகைக்கின்றான். பேசவும், கூடிச்செயலாற்றவும், புதிய நிலைமைக்கேற்ப விரைந்து சிந்திக்கவும் பழகியவனோ மறுவழி தேடிக்கொள்ளுகின்றான். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தஞ் செய்ததை நாம் அறிவோம். அதில் நீதி எப்பக்கத்தது என்று தீர்ப்பளிக்க ஈண்டு புகவில்லை. தன் வழக்கை அவைநடுவே சினமின்றியும் அச்சமின்றியும் எடுத்துரைக்கும் ஆற்றல் அத்தகைய வேளைகளில் இரு சாரார்க்கும் எத்துணை வேண்டற்பாலது என்பதை மட்டும் குறிக்கின்றேன். அவ்வாற்றலைப் பயிற்றும் பாடம் நம் பாடசாலைகளில் எங்கே இருக்கின்றது?

பகடை துயில் என்னுங் கூத்தை நினைமின். சூதிற் பணயமாக வைக்கப்பட்ட திரௌபதி அவைக்கு இழுத்துவரப்படுகின்றாள். அவள் முதலில் அழவில்லை, வினவுகின்றாள். தருமர் தம்மைத் தோற்றபின் என்னைப் பணயம் வைத்தாரா, முன்னரே வைத்தாரா? தம்மையே தோற்றவர்க்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? பீஷ்மரும் நேரே விடையளிக்க இயலாது தடுமாறுகின்றார். எழுதப்படிக்க அறியாத மூதாட்டியரும் இந்த வினாவின் கூர்மையைத் தலைமுறை தலைமுறையாகத் திரௌபதியம்மன் கோயில் வெளியில் விடிய விடிய அமர்ந்து கேட்டறிந்தனர். நியாயசாத்திரம் கிராமத்திற் குடிபுகுந்தது கூத்தின் வாயிலாகவே.

இப்பொழுதோ அந்த இரவே நம் கையைவிட்டுப் போயிற்று. பாரதத் திருவிழாவிற் பகலிற் பிரசங்கமும், இரவு முழுதும் கூத்தும், முடிவிற் படுகளமும் தீமிதியும் நடைபெறுவது முறை. ஆலையில் மூன்று முறை மாற்றி வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கு இரவும் வேலைநேரம். பகல் உறங்கும் நேரம். ஊரார் கூடும் இரவில் அவன் ஊரில் இல்லை. வேற்றூரிலிருந்து வந்து விடுதியிற் தங்கும் பெண்களுக்கோ இங்கே தம்மூரென்றே ஒன்றில்லை. 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்ற மகளிர் விடுதி ஒன்றில் மாத்திரம் 18,720 பேர் தங்க இடமுண்டு. ஒரு பெருங் கிராமத்தினும் மிகுதியான இளம்பெண்கள் ஓரிடத்தில் வாழ்கின்றனர். அவர்களிற் பலர் கூத்து வழங்கும் மாவட்டங்களைச் சேர்ந்தோராகவும் இருத்தல் கூடும். அவர்கள் ஓய்வு நாளில் ஒருங்கமர்ந்து காணத்தக்க காட்சி யாது? தனித்தனியே கையிலேந்திய கண்ணாடித் திரையன்றி வேறொன்றும் நாம் ஆயத்தஞ் செய்யவில்லை.

அரசாங்கத்தார் வாளாவிருக்கின்றனர் என்று கூறுதல் தகாது. 2022-ஆம் ஆண்டுமுதல் அரசாங்கப் பள்ளிகளிற் கலைத் திருவிழா நடத்தப்பெறுகின்றது. பள்ளியளவிலும் வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் போட்டிகள் நிகழ்கின்றன. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முறையாக மேடை கண்டனர். இது பாராட்டத்தக்கது. ஆயினும் போட்டி அரங்கேற்றமேயன்றிப் பாடமன்று. அப்பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் கற்பிப்போர் யார்? 2012-இல் ஓவியம், உடற்கல்வி முதலியன கற்பிக்கப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர் நியமிக்கப்பட்டனர். முழுநேர ஆசிரியர் கணிதத்திற்கு, பகுதிநேர ஆசிரியர் கலைக்கு என்னும் ஏற்பாடே நம் மதிப்பீட்டை வெளிப்படையாய்க் காட்டுகின்றது. இளங்கோவடிகள் ஆசிரியரிலிருந்து தொடங்கினார் என்பதை மீண்டும் நினைப்பூட்டுகின்றேன்.

ஆதலின் நாம் செய்யத்தக்கன யாவை? மூன்று கூறுவேன், மூன்றும் பெரும்பொருட் செலவின்றி இயல்வன.

முதலாவது, சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள உயர்நிலைப் பள்ளிகள் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைக் கூத்துக்கென ஒதுக்குக. அதனை மாலையிலன்று, பகற் பாடவேளையிலேயே வைத்தல் வேண்டும்; மாலையில் வைத்தாற் பேருந்துக்கு விரையும் பிள்ளை அதனை இழக்கும். கற்பிப்போர் காஞ்சீபுரம், செய்யாறு பக்கங்களில் இன்றும் கூத்தாடிவரும் கலைஞராதல் வேண்டும். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியனுப்புவதை விடுத்து, மாதந்தோறும் ஊதியமளித்து ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியும் அளிப்போமாக. குருகுலத்திற் பயின்று தேர்ந்த பெண்கள் இப்பணிக்கு மிகவுந் தக்கார்.

இரண்டாவது, பள்ளியின் விழா நாட்களை அப்பாடத்தினின்றே வகுத்துக்கொள்க. முதற் பருவ முடிவிற் பிள்ளைகள் தத்தம் வேடத்தைத் தாமே அறிமுகஞ் செய்துகொள்ளும் திரைப்பாட்டை மட்டும் வகுப்பறையிலேயே பாடிக்காட்டட்டும். இரண்டாம் பருவ முடிவிற் கட்டியக்காரனோடு வினாவிடை நிகழ்த்தட்டும். ஆண்டிறுதியில் ஒரு கூத்தின் இரண்டுமணிப் பகுதியை நடத்தட்டும். இம்முறையில் விழா என்பது பாடத்தின் ஒரு படியாகும்; பந்தல் இல்லையாயினும் நடைபெறும். பரிசு கொடுப்பதினும், அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பது மேலான பயன்.

மூன்றாவது, அவ்வாண்டிறுதிக் கூத்தைப் பள்ளி மண்டபத்தில் அடைத்து வைக்காது, ஆலைகளுக்கு ஓய்வாகிய ஞாயிறு பிற்பகலிற் பெண்கள் விடுதிகளுக்கு அண்மையிலுள்ள வெளியில் நடத்துக. எட்டுமணிக் கூத்தை இரண்டு மணியாகக் குறுக்குதல் கலையைச் சிதைப்பதாகாதோ எனின், ஒருவாறு ஆகுமென்பது உண்மையே. ஆயினும் கூத்து என்றும் காலத்துக்கும் இடத்துக்கும் வளைந்துகொடுத்தே வாழ்ந்துவந்திருக்கின்றது. வளையும் தன்மையே அதன் வலிமை. முழு இரவுக் கூத்து கோயில் வெளியில் நிகழ்க. அதற்கு அவையோரை ஆயத்தஞ் செய்யும் வாயிலாக ஞாயிற்றுக்கூத்து அமைக. இரண்டுமணி கண்டு சுவைத்தவள் தன்னூர்த் திருவிழாவிற்கு விடுப்பெடுத்துச் செல்லும்பொழுது விடியுமட்டும் அமர்ந்திருப்பாள்.

நம் கலாசாலை மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. உங்களிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றீர்கள். சிலர் அவ்வாலைகளின் அலுவலகங்களிலேயே அமரப்போகின்றீர்கள். பழைய மாணவருள் இப்பொழுதே அத்தகைய பதவிகளில் இருப்போர் உளர். ஆலைகள் தம் ஆதாயத்தில் ஒரு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடவேண்டுமென்பது சட்டம். அப்பங்கிற் சிறிதளவு இரண்டு கூத்தாசிரியரின் ஊதியத்திற்குப் போதும். இதனை முன்மொழியத்தக்க இடத்தில் இருப்போர் முன்மொழிக. வகுப்பறை ஆசிரியராய் இருப்போர் தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுக. மாணவராய் இருப்போர், பங்குனி தொடங்கி ஆடிவரை காஞ்சீபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் திருவிழாக் கூத்து நிகழுங் காலத்தில், ஓர் இரவேனும் முழுதும் விழித்திருந்து காண்க. காணாத ஒன்றைக் காப்பாற்றுவேம் என்று உரைத்தல் வீணுரையாகும்.

பாரதப்போர் பதினெட்டு நாளில் முடிந்தது. குருகுலமும் பதினெட்டாண்டில் முடிந்தது. போரின் முடிவில் எஞ்சியோர் நாட்டை மீண்டும் ஆண்டனரன்றோ? இங்கும் எஞ்சியோர் உளர். பயின்றோர் உளர், பாட்டு உளது, பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உளர். இல்லாதது பாடவேளைக் கால அட்டவணையில் ஒரு கட்டம் மாத்திரமே. அக்கட்டத்தை இவ்வாண்டே நிரப்புதல் நம் பகுதிப் பள்ளிகளுக்கு அரிதன்று.